இடப்பக்கம் தாழ்ந்த வண்டி

அப்துல் கஃபார் பாயின் மெக்கானிக் ஷெட், ஆம்பூர் பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து ஊரே அசந்து கிடந்தபோது என் பழைய அம்பாசிடரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். பின்சீட்டில் அப்பா. வழக்கம்போல வலது ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் அத்தனை இடம் இருந்தும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

நான் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே எனக்கு வாய் நீளம். "பாய், வண்டி ஒரு பக்கமா சாயுது. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா பின்னாடி யாரோ முனகற மாதிரி சத்தம். நாளைக்குக் காலையில அப்பாவை வேலூர் கூட்டிகினு போவணும். இன்னிக்கே முடிச்சுக் குடுங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"கொஞ்சம் கம்மியா பேசு தாயி, மொதல்ல பாக்கறேன்" என்றார் பாய்.

அப்பா சம்பத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். முட்டியை மடக்க முடியாத மனிதரை பஸ்ஸில் ஏற்ற முடியாது, சின்னக் காரிலும் திணிக்க முடியாது. அதனால்தான் வாணியம்பாடியில் ஒரு புரோக்கரிடம் இந்த அம்பாசிடரை வாங்கினேன். முதல் நாளே அப்பா, "அந்தப் பக்கம் இடமில்லம்மா" என்றார். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை இறக்கிவிட்டு, பாய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, டார்ச்சோடு அடியில் நுழைந்தார். அவருடைய ஸ்க்ரூடிரைவர் எதையோ குத்த, சரசரவென்று துரு உதிர்ந்தது.

"உப்பு தின்ன வண்டி இது. தோல் மண்டிக்குள்ளயே நின்னிருக்கு."

எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். அந்த உப்பு பறந்து எந்த இரும்பில் பட்டாலும் அது தப்பாது. இடது பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் அடுக்கிய பிளேட்டுகள் துருவேறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பெரிய பிளேட் நடுவில் விரிசல் விட்டிருந்தது. இதில் அப்பாவை வைத்துக்கொண்டு ஹைவேயில் இத்தனை நாள் போயிருக்கிறேன்.

பாய் ஸ்பிரிங்கைக் கழற்றி, பிளேட்டுகளை நெம்பிப் பிரித்தார். உள்ளே கறுப்பாகத் தோல் துண்டுகள். அதுவும் இங்கே அதிசயமில்லை. பிளேட் கத்தினால் இடுக்கில் தோலைச் செருகுவது இந்த ஊர்ப் பழக்கம். தோலுக்கா பஞ்சம்?

ஆனால் பாய் அந்தத் துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றில் ஓட்டைகள் இருந்தன. கடைசி ஓட்டை ஆணியால் குத்தியது.

இடுப்பு பெல்ட்.

மெலிந்துபோன யாரோ ஒருவன், பெல்ட்டை இறுக்கக் கூடுதலாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறான்.

பாய் புது ஸ்பிரிங், புது யு போல்ட், புது புஷ் என்று இரண்டு பக்கமும் மாற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜாக்கியை இறக்கினார். வண்டி மெதுவாகத் தன் காலில் நின்றது.

வலப்பக்கம் நின்றது. இடப்பக்கம் இறங்கிக்கொண்டே போனது.

பாய் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் ஒரு சாண் இருந்தது. இடப்பக்கம் இரண்டு விரல்கூடப் போகவில்லை. இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கம் மாற்றிப் போட்டார். மறுபடி இறக்கினார்.

இடப்பக்கம்தான் தாழ்ந்தது.

அப்பா அப்போது வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள் யாருமே இல்லை. ஆனாலும் புது ஸ்பிரிங் கிறீச்சிட்டது, உட்கார்ந்திருப்பவர் தொடையை மாற்றிப் போட்டு உட்கார்ந்தால் கட்டில் கிறீச்சிடுவதுபோல.

பாய் இடது பின்கதவின் உள்பக்கத்தை ஜன்னல் வழியே காட்டினார். கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். திறந்தார். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஆம்பூரில் பிறந்தவள் நான், அந்த வாடைக்கெல்லாம் மூக்கைப் பொத்துகிறவள் இல்லை. அன்றைக்குப் பொத்தினேன். ரெக்சின் சீட் ஆள் அளவுக்குக் குழிந்திருந்தது.

"வண்டில குறை இல்லம்மா" என்றார் பாய், குரலை இறக்கி. "ஆள் இருக்கு."

"இன்னா பாய், பயமுறுத்தறீங்க?"

"வாணியம்பாடில ஒரு தோல் மண்டி. சுண்ணாம்புத் தொட்டி கழுவ எறங்கினவன் வெஷவாயு அடிச்சு வுழுந்துட்டான். உசுரோடதான் தூக்கி ஒரு அம்பாசிடர்ல ஏத்தினாங்கன்னு பேச்சு. மூச்சு வுடட்டும்னு பெல்ட்டைக் கழட்டியிருக்காங்க, அதைத்தான் அப்புறம் வெட்டி ஸ்பிரிங்ல செருகியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸாயிடும்னு பயந்து பைபாஸ்லயே சுத்திகினு இருந்தாங்களாம். அவன் கதவைப் புடிச்சி இழுத்திருக்கான். இவங்க கைப்பிடியையே பேத்துட்டாங்க. உக்காந்த மேனிக்கே..."

பாய் பெல்ட் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அந்தச் சீட்டின்மேல் வைத்தார்.

"அவன் பொருள். அவன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இந்தக் கதவைத் தொற. வந்தாச்சு, எறங்குன்னு சொல்லு. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. உனக்கு வாய் ஜாஸ்தி, அதான் சொல்றேன்."

நம்பினேனா என்று கேட்டால், தெரியாது. வேறு வண்டிக்கு அலைந்தேன், அந்த நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அப்பாவின் கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. வீங்கிய காலைப் பார்த்தபிறகு பேய் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். மாதனூரைத் தாண்டினோம். பள்ளிகொண்டா பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"அப்பா, மூச்சு வாங்குதா?"

"நான் இல்லம்மா."

நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, ஊழியரோடு உள்ளே அனுப்பினேன். உள்ளே முதல் வேலை எடை பார்ப்பது. டயாலிசிஸ் முடிந்தபின் இன்னொரு முறை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய நீரை எடுத்துவிடுவதால் இரண்டாவது எடை குறைய வேண்டும், அதுதான் வழக்கம்.

வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு, இடது பின்கதவைத் திறந்தேன். சீட்டில் செய்தித்தாள் பிரிந்து கிடந்தது. துண்டுகள் இல்லை.

"ஆஸ்பத்திரி வந்தாச்சு. எறங்குங்க."

ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்டை போட்டு இறுக்கிய பெல்ட் நினைவுக்கு வந்தது. எத்தனை தடவை இந்த ஹைவேயில் ஓடியிருக்கும் இந்த வண்டி! ஒருவர்கூட அவனை இறக்கிவிடவில்லையே. தனியாக வந்து விழிக்கிறவர்களைப் பார்த்தால் எங்கள் ஊரில் சும்மா விடமாட்டோம், நம் ஆளோடு சேர்த்து உட்கார வைப்போம். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"தனியா போக பயமா இருக்கா? எங்க அப்பா உள்ளதான் இருக்காரு. சம்பத்துன்னு பேரு. அவர்கூடப் போய் இருங்க."

ஸ்பிரிங் ஒருமுறை முனகியது.

வண்டி மெல்ல மேலே எழும்பியது. இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

அந்த நிம்மதியில் மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன். பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "எறங்குன்னு மட்டும்தானே சொன்ன?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

டயாலிசிஸ் முடிந்து அப்பாவை எடை மெஷினில் நிற்க வைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. நர்ஸ் முகம் சுளித்தாள். "எறங்கி மறுபடி ஏறுங்க ஐயா." அதே எண். காலையில் எழுதியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"மெஷின் ரிப்பேர் போல" என்றபடி அவளே ஏறிப் பார்த்தாள். அவள் எடையை மெஷின் சரியாகக் காட்டியது.

சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த ஊழியர் வழியெல்லாம் மூச்சு வாங்கினார். என் மூக்குக்கு அந்த வாடை எட்டியது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும்.

வேப்பமரத்தடியில் வண்டி நேராக நின்றிருந்தது. அப்பா தன் இடத்திலேயே, வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

வலப்பக்கம் இறங்கியது. டயர் மட்கார்டில் இடிக்கும்வரை இறங்கியது.

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அப்பா தன் இடுப்பை இரண்டு கையாலும் தடவிக்கொண்டார், ஏதோ இறுக்கிப் பிடிப்பதைத் தளர்த்தப் பார்ப்பதுபோல. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. களைப்புதான்.

"நீதான் அனுப்பினியாமே?" என்றார்.