அணைக்காமல் மாற்றியது

எதையும் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஏற்றுகிற பொறுமை இப்போது எவனுக்கும் கிடையாது. அந்தக் கள்ளக்குறிச்சித் தனியார் ஆஸ்பத்திரியில் கால் வைத்ததுமே சின்னக்கண்ணு இதைச் சத்தமாகச் சொன்னார். கல்வராயன் மலைப் பக்கமிருந்து மழை கறுத்து வந்தது. பட்டப்பகலிலேயே வார்டு இருண்டு கிடந்தது. மூச்சிரைப்போடு கொண்டுவந்த மனைவி இருசம்மாளை மூன்றாம் கட்டிலில் போட்டிருந்தார்கள். காலையில்தான் அதில் நைனார்பாளையத்துப் பீடிக்கார ஆள் ஒருவர் செத்திருந்தார். விரிப்பை மட்டும் மாற்றினார்கள். தலைமாட்டு மானிட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

“சாவு விழுந்த வூட்ல அடுப்பை அவிச்சு, சாம்பலை வாரிக் கொட்டிட்டுத்தான் புதுசா மூட்டுவோம். அந்தப் பொட்டிய ஒருவாட்டி நிறுத்தும்மா.”

“அதெல்லாம் நிறுத்தக் கூடாது தாத்தா,” என்றாள் நர்ஸ் இசைவாணி.

அவள் மேசையில் அறிவுச்செல்வன் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லா மானிட்டர்களையும் ஓட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவன்.

“லினக்ஸ் கெர்னலை மாத்துறேன் தாத்தா. மொத்தத்தையும் ஓட்டுறது அதான். முழுசா அணைச்சு ரீபூட் பண்ணா ரொம்ப நேரம் எந்தக் கட்டிலும் தெரியாது. புதுசை மெமரில ஏத்திட்டேன். அணைக்காமலே அதுக்குள்ள தாவிடும். வண்டி ஓடிக்கினு இருக்கும்போதே டிரைவரை மாத்துற மாதிரி.”

“பழைய டிரைவரு எங்கடா எறங்குவான்?”

அவன் சிரித்துக்கொண்டே எண்டரைத் தட்டினான்.

திரைகள் ஒருமுறை கண் சிமிட்டின.

எங்கிருந்தோ பீடிப் புகை நாறியது.

இருசம்மாளின் மூச்சு நிற்கவில்லை. இரைப்பு மட்டும் நின்றது.

கண்ணைத் திறந்தாள்.

“நைனார்பாளையம் பஸ் போயிடுச்சா?”

ஆம்பளைக் குரல்.

இசைவாணியின் கையிலிருந்த தட்டு விழுந்தது. “காலைல செத்த அந்த ஆளு கடைசியா இதைத்தான் கேட்டாரு,” என்று கிசுகிசுத்தாள்.

சின்னக்கண்ணு குனிந்தார். “இருசு…”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க யாருங்க?”

“மருந்து மயக்கம் தாத்தா,” என்றான் அறிவுச்செல்வன். திரையைக் காட்டினான். “நாடி நல்லா ஓடுது பாருங்க. உசுரோடதான இருக்காங்க?”

“உசுரு இருக்குடா. யாரு உசுருன்னு கேக்குறேன். அணைச்சுட்டு மறுபடி போடு.”

“முடியாது. மத்த கட்டில்லயும் ஆளுங்க இருக்காங்க.”

“அப்ப நீயே வச்சுக்கோ. இது என் பொண்டாட்டி இல்ல.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பாதிப் படி இறங்கும்போது இசைவாணி ஓடி வந்தாள்.

“தாத்தா, நில்லுங்க! மூணாம் கட்டில் பொட்டியில ரெண்டு நாடி ஓடுது. அடியில ஒண்ணு… ரொம்பக் கம்மியா, எரைச்சிக்கினு ஓடுது.”

“உங்க பொட்டி சொல்றதை எவன் நம்புவான்?” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

மழைக்குள் இறங்கி நடந்தார்.