துளைகளை விலகிச் சென்ற விரிசல்

முந்தின நாள் மாலையில் டேஷ்போர்டு விரிசலின் ஐந்து நுனிகளிலும் அவள் இட்டிருந்த குண்டூசித் தலையளவுத் துளைகள் இட்ட இடத்திலேயே இருந்தன; விரிசல்தான் அவற்றை விட்டு விலகியிருந்தது.

வண்டியின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்த நிலையிலேயே அவள் நின்றுவிட்டாள். பட்டறையின் தகரக் கூரையின்மீது நான்கு நாட்களாக ஓயாத மழை, ஒரே சீரான இரைச்சலாய்ப் பெய்துகொண்டிருந்தது. வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவள் என்பதால் தெருவே அவளைத் தையலக்கா என்று அழைக்கும்; ஆனால் வெடித்த டேஷ்போர்டைச் சீர்செய்வதற்குத்தான் தொலைவிலிருந்தும் அவளைத் தேடி வருவார்கள். வெடிப்பை அடைக்குமுன் அதன் நுனியில் சிறு துளை போட வேண்டும் என்பது அவள் தொழிலின் முதல் விதி. துளையை வந்தடைந்த விரிசல் அதற்குமேல் ஓட வகையின்றி அங்கேயே அடங்கிவிடும். இருபத்தாறு ஆண்டுகளில் இவ்விதி பொய்த்ததில்லை. அப்படியே பொய்த்தாலும், விரிசல் துளையின் மறுபுறமாக நீண்டிருக்க வேண்டும். இதுவோ, துளைக்கு ஓர் அரிசியளவு முன்பாகவே, முள்ளைத் தொட்ட விரல் ஒதுங்குவதுபோல் ஒதுங்கி, ஓட்டுநர் இருக்கையின் பக்கமாகத் திரும்பியிருந்தது.

வண்டிக்குள் ஒரு வாடை இருந்தது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் பழைய நுரைப்பஞ்சின் வாடையன்று. நனைந்த துணியின் வாடையுமன்று. எங்கோ முகர்ந்ததுதான், எங்கென்று நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன்."

தடுப்புச் சுவருக்கு அப்பால் என்ஜின் வேலை பார்க்கும் அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே வந்து டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"வெயில்ல வெடிச்சிருக்கு. உனக்கென்ன இது புதுசா?"

"நாலு நாளா மழைண்ணே. வெயில் எங்க இருக்கு?"

"அப்போ குளிர்ல சுருங்கியிருக்கும். பிளாஸ்டிக்குக்கு ஏதாவது ஒரு சாக்கு போதும், என்னை மாதிரி."

"துளையைச் சுத்தி வளைஞ்சுல்ல போயிருக்கு?"

"நேத்து கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான துளை போட்ட?" என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

அவள் சிரிக்கவில்லை. இது வாடிக்கையாளர் வண்டியன்று. மகளுக்காக வாங்கிய பழைய வண்டி. மகள் மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணிக்கு இரண்டு பேருந்து மாறிப் போய், கடைசி ஒரு மைல் தூரத்தை ஆளில்லாச் சாலையில் நடந்தே கடப்பாள். ஒருநாள் எவனோ பின்தொடர்ந்தான் என்று அவள் சொன்னதிலிருந்து தாய்க்குத் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை மாலை முதல் மகள் இவ்வண்டியில்தான் போக வேண்டும் என்று நாள் குறித்திருந்தாள். இன்று புதன்.

அடைப்புக்குப் பின் விரிசல் ஓடியிருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காக, மெல்லிய வரைதாளை மேலே விரித்துக் கோடுகளைப் பென்சிலால் படியெடுத்து வைப்பது அவள் வழக்கம். நேற்று ஒரு தாள் எடுத்திருந்தாள். இன்று இரண்டாவதையும் எடுத்து, சுவரிலிருந்த ஆணியில் முதல் தாளின்மேல் குத்தினாள். பிறகு பசையைக் குழைத்து விரிசல்களை நிரப்பி, அது இறுகியதும் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினாள். தேய்க்கும் ஓசை அவளுக்குப் பழகிய ஓசை. மழையினூடேயும் தன் கையின் தாளத்தை அவளால் பிரித்தறிய முடியும். ஆயினும் அன்று அத்தாளத்தின் அடியில் இன்னொன்றும் சேர்ந்து ஒலிப்பதாகத் தோன்றியது. கையை நிறுத்தினாள். மேலோசை நின்றது. ஒரு மூச்சு நேரம் கழித்தே கீழோசை நின்றது.

அவள் வேலையை முடித்துச் சாயம் அடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக வண்டியின் கதவைப் பூட்டிவிட்டுப் போனாள்.

வியாழன் காலையில் அடைத்த பசை பொருக்குப் பொருக்காக எழுந்து கிடந்தது. ஐந்து கோடுகளும் மீண்டும் திறந்திருந்தன. ஆனால் அவை புறப்படும் மையம் பழைய இடத்தில் இல்லை. முதல் நாள் பக்கத்து இருக்கைக்கு நேராக இருந்தது, இப்போது ரேடியோவைத் தாண்டி வந்திருந்தது. கோடுகளின் விளிம்புகள் மேல்நோக்கிப் புடைத்திருந்தன. அவள் கட்டைவிரலால் ஒரு புடைப்பை அழுத்தினாள். அது இணங்கியது. பிறகு, அவள் அழுத்திய அதே அளவு அழுத்தத்தோடு, கீழிருந்து விரலைத் திருப்பித் தள்ளியது.

மூன்றாவது தாளையும் படியெடுத்தாள். ஆணியில் குத்திவிட்டு நேரே அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இது வேண்டாம். முழுசா கழட்டி வேற மாத்திடலாம்."

"உன் வாயால மாத்தலாம்னு சொல்லி இப்பத்தான் கேக்குறேன். வெடிச்சதையெல்லாம் நீதான் தைச்சுக் கட்டிடுவியே?"

"மாத்திடலாம்ணே."

அவள் முகத்தைப் பார்த்தவர் மேற்கொண்டு கேலி செய்யவில்லை. வெள்ளி காலையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையிலிருந்து கீறலே இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார். இருவருமாகத் திருகாணிகளைக் கழற்றிப் பழையதைத் தூக்கினார்கள். பாதி தூக்குவதற்குள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"உள்ள என்ன ஈயத்தைக் காய்ச்சி ஊத்தி வச்சிருக்கானா?"

எப்படியோ அதைப் பட்டறை மேசையில் கிடத்தினார்கள். புதிதாய் வந்ததைப் பொருத்தும்போதுதான் குறை தெரிந்தது. மீட்டருக்கு மேலே, ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, திருகாணி இறங்கும் காது உடைந்திருந்தது. மணி நான்கைத் தாண்டிவிட்டது. ஆறு மணிக்கு மகள் வந்துவிடுவாள். தொழிலில் எவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பழையதில் விரிசல் எட்டியிராத அந்த மூலையிலிருந்து, காதோடு சேர்த்து உள்ளங்கையளவு துண்டொன்றை அறுத்தெடுத்து, புதியதில் வைத்துச் சூட்டுக்கோலால் உருக்கி ஒட்டினாள். அறுக்கும்போது கத்தி எதிர்பாராமல் வழுக்கிச் சென்றது, அடியில் நுரையே இல்லாததுபோல. நேரமின்மையால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒட்டுத் தெரியாமல் தேய்த்துச் சாயம் அடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒட்டுப்போட்ட இடம் புலப்படாது.

ஆறு மணிக்கு மகள் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மாமா, இது அந்த வண்டிதானா? பொண்ணு பாக்க வர்ற மாதிரி ஜோடிச்சு வச்சிருக்கீங்க!"

"உங்கம்மா ஜோடிச்சது. எனக்கு அதுல பங்கில்ல," என்றார் அண்ணன்.

"மெதுவா போ," என்றாள் தாய். "ஓட்டும்போது போன் எடுக்காத."

"நீ பண்ணினாலுமா?"

"நான் பண்ணினாலும் எடுக்காத."

மகள் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கின்மேல் இரு கைகளையும் வைத்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா வாடை இது? எங்க வார்டுல ராத்திரி பூரா போட்டிருந்துட்டுக் காலையில கழட்டுவோமே, அந்த கிளவுஸ் வாடை!"

சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டாள். பின்விளக்குகள் இரண்டும் மழையில் கரைந்து, சாலை வளைவில் மறைந்தன. அண்ணனும் சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கிளவுஸ். நெடுநேரம் உறைக்குள் இருந்த கையின் வாடை. ஆம், அதுதான். மூன்று நாட்களாக நினைவுக்கு வராதது அதுதான்.

பழையதைக் குப்பைப் பக்கம் ஒதுக்கிவிட எண்ணி மேசையருகே சென்றாள். காலையில் இருவர் தூக்கிய கனத்தை நினைத்துக் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். வெறுங்கூடைபோல் ஒரே கையில் எழும்பி வந்தது.

விளக்கை அருகே இழுத்தாள். விரிசல்கள் இல்லை. அவள் போட்ட துளைகள் இருந்தன. அவற்றிடையே கோடு ஒன்றுகூட இல்லை. விளிம்புகள் ஒன்றோடொன்று கூடி மூடிக்கொண்டிருந்தன.

ஆணியிலிருந்த தாள்களை உருவினாள். மூன்றையும் மூலையோடு மூலை பொருத்தி விளக்கொளியின் எதிரே பிடித்தாள்.

முதல் தாளில் ஐந்து கோடுகள், குட்டையாய், ஒன்றாய் மடங்கி. இரண்டாவதில் சற்றே நீண்டு, வளைந்து. மூன்றாவதில் முழுவதும் விரிந்து. நான்கு ஒரு பக்கம். ஐந்தாவது மட்டும் தனியாய், தடித்து, விலகி.

முஷ்டி. அவிழும் முஷ்டி. விரிந்த கை.

விரல்கள் ஐந்தும் ஸ்டியரிங்கின் பக்கம் நீண்டிருந்தன. இன்று அவள் அறுத்தெடுத்த மூலையை நோக்கி.

தாள்கள் கீழே விழுந்தன. போனை எடுத்து மகளை அழைத்தாள். மணி ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்காதே என்று அவள்தானே சொன்னாள். மீண்டும் அழைத்தாள். எடுக்கவில்லை.

மேசையில் கிடந்ததில், அவள் அறுத்த இடம் கறுத்த வாயாய்த் திறந்திருந்தது. அதனுள் நுரை இருக்க வேண்டும். தான் நினைப்பது பொய்யென்று கண்டறிந்துவிட்டால் போதும். நுரை கையில் தட்டுப்பட்டால் போதும். வீட்டுக்குப் போய்விடலாம்.

கையை உள்ளே விட்டாள்.

தட்டுப்படவில்லை. மணிக்கட்டுவரை சென்றது. முழங்கைவரை சென்றது. உள்ளே வழவழப்பாய், வெதுவெதுப்பாய், சட்டைக்கை போன்றதொரு குழல், பக்கத்து இருக்கை இருந்த பக்கம்வரை நீண்டது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். வரும் வழியில், அறுத்த வாயினருகே, விரல்கள் தாமாகவே ஐந்து பள்ளங்களில் இறங்கின. ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று. கச்சிதமாய். ஆனால் ஒவ்வொரு பள்ளமும் அவள் விரலைவிட ஒரு கணு நீளம் கூடுதல்.

நான்கு பள்ளங்கள் அறுபட்ட விளிம்பில் முடிந்தன. ஐந்தாவதும்.

அவற்றுள் ஒன்றும் இல்லை. சூடு மட்டும் இருந்தது.

மழை நின்றது. ஆறு நாட்களில் முதன்முறையாகக் கூரை ஓசையற்றுப்போனது. அந்த அமைதியில், சாலை வளைவுக்கு அப்பாலிருந்து, ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது.

எடுத்து எடுத்து அடிக்கும் ஹாரன் அன்று. அழுத்தியது அழுத்தியபடி, விடாமல்.

பள்ளங்களில் பொருந்திய விரல்களோடு அவள் நின்றாள். ஹாரன் நிற்கவில்லை.