கரண்டி தொடாத மச்சாள்

"கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கிறியே... நீ என்ன பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டரே!"

பேர்ணடெற்றின் குரல் பேஸ்மெண்டிலிருந்து மேல்மாடி வரைக்கும் ஏறியது. சனிக்கிழமை காலை. மோர்னிங்சைட்டில் உள்ள அந்த வீட்டின் கீழ்த்தளம்தான் அவளுடைய கேற்றரிங் நடக்கும் இடம். மத்தியானம் விட்பியில் ஒரு வீட்டுப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை விருந்து. நூற்றைம்பது பேருக்குச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் போகவேண்டும். வழக்கமாக உதவிக்கு வரும் பெண் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் என்று இப்போதுதான் போன் வந்திருந்தது.

குளிர்சாதனப் பெட்டியோரம் நின்றாள் வேரோனிக்கா. பேர்ணடெற்றின் தம்பி மனைவி. ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் ஓர் அறையில் இருப்பவள்.

"மச்சாள்... எனக்கு ஏலாது. உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? சீமோன்ர கடையில காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் அண்டா கிடாரத்தோட நிக்கிறாய். அங்க ஏலுமாம். சொந்த மச்சாளுக்கு ஒரு வெங்காயம் உரிக்க ஏலாதாம்!"

காரணத்தை வேரோனிக்கா மறைக்கவில்லை. பல தடவை சொல்லியிருந்தாள். கேட்கத்தான் அந்த வீட்டில் காது இருக்கவில்லை. அவளுடைய வேர்க் பேர்மிற்றில் ஒரே ஒரு கடையின் பெயர்தான் உண்டு: ஸ்காபரோவில் சீமோன் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அங்கே மட்டும்தான் அவள் சமைக்கலாம். அந்த வேலையைக் காட்டித்தான் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிட உரிமைக்கு, விண்ணப்பம் போயிருந்தது. அது வந்தால்தான் ஊரில், பேசாலையில், காத்திருக்கும் கணவன் மரியோவும் ஏழு வயது நிலக்சியும் விமானம் ஏறலாம். இன்னொருவரின் வியாபாரத்துக்குச் சமைத்தால், சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான், தெரியவந்தால் எல்லாம் போய்விடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

பேர்ணடெற்றுக்கு அது நொண்டிச் சாட்டு. அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து எந்த அடுப்படியிலும் நின்று உழைத்தவள் அவள். ஒரு கடைக்கு மட்டும் எழுதிக்கொடுத்த கை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு சமையல் ஓடரையும் ஃபேஸ்புக் லைவில் காட்டுவது அவள் வழக்கம். போன் தூக்கப்பட்டதும் வேரோனிக்கா சட்டென்று விலகிவிடுவாள். ஒருநாள்கூட அந்தப் படத்துக்குள் அவள் வந்ததில்லை.

"எங்களோட நிண்டு படம் எடுக்கவே உவளுக்கு வெக்கம். கரண்டியைத் தொடுவாளோ!" என்று பொரிந்தபடி தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தாள் பேர்ணடெற்.

"வேரோனி, அக்கா சொல்லுறதைச் செய்து குடன். வீட்டுக்குள்ள ஆர் வந்து பாக்கப்போகினம்?" என்றான் மரியோ திரையில்.

வேரோனிக்காவின் கண் நிறைந்தது. அவனுக்கும் எல்லாம் தெரியும். மூன்று பேருடைய வாழ்க்கையையும் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்குக் கடல் தாண்டிப் புத்தி சொல்கிறான்!

"பிள்ளை எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பக்கத்து வீட்டில விளையாடுது... கூப்பிடட்டே?"

"வேண்டாம். விளையாடட்டும்."

பேர்ணடெற் போனை மேசையில் அடித்து வைத்தாள். "இண்டைக்குக் கரண்டியைத் தொடேல்லை எண்டா, இந்த வீட்டில உனக்கு இனி இடமில்லை. விளங்கிச்சோ?"

வேரோனிக்கா மேலே போனாள். ஒரு பையோடு இறங்கி வந்தாள். அவ்வளவுதான் அவள் சாமான்.

"போறன் மச்சாள். ஆனா தனிய நிண்டு உங்களுக்கு உது ஏலாது. ஓடரைச் சீமோன் அண்ணைக்குக் குடுங்கோ. அங்கயெண்டா நான் சமைக்கலாம்."

"என்ர ஓடரை உன்ர முதலாளிக்குத் தூக்கிக் குடுக்கவோ? நல்லாயிருக்கடி உன்ர ஞாயம்!"

பஸ்ஸில் வேரோனிக்கா அழுதாள். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடையின் பின்கதவால் நுழைந்து, பையை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சீமோனின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, நூற்றைம்பது பேருக்கு ஆட்டுக்கறியும் சோறும் வேணும். மத்தியானத்துக்கு."

"ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. மச்சாளுக்குத் தேவைப்படும்."

சீமோன் பையைப் பார்த்தார். அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்தார். "துரத்தி விட்டிட்டினம், என்ன? துரத்தின ஆக்களுக்கு நீ சமைக்கப்போறியோ? உனக்கென்ன விசரே பிள்ளை!"

"கோவத்தை நான் நாளைக்கு வைச்சுக்கொள்ளுறன். இண்டைக்கு ஒரு பிள்ளை முதல்நன்மை எடுக்குது அண்ணை... அந்தச் சனம் பசியோட போகக்கூடாது. பில் கடையின்ர பேரில போடுங்கோ. எனக்கு அதுமட்டும் போதும்."

சீமோன் நல்லவர் என்று எல்லாரும் சொல்வார்கள். நல்லவருக்கும் சமையல்காரி வேண்டும். இவளைப் போல இன்னொருத்தி கிடைக்கமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். வார இறுதிக் கூட்டத்துக்கென்று எடுத்துவைத்த இறைச்சியை முழுவதுமாக வெளியே எடுத்துக் கொடுத்தார்.

அவள் நெருப்பை மூட்டினாள். மணமணக்க வறுத்த தூள், தேங்காய்ப்பால், கறிவேப்பிலை... தன்னை வெளியே போ என்று சொன்ன வாய்க்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க அந்தக் கை சுழன்று சுழன்று கிண்டியது. ஒரு சொட்டுக் கண்ணீர் அதில் விழவில்லை. அழுகையை அவள் பஸ்ஸிலேயே முடித்துவிட்டு வந்திருந்தாள்.

மோர்னிங்சைட்டில் பேர்ணடெற் சோற்றை வடிக்க ஓடிய நேரம் கறி அடிப்பிடித்தது.

"அம்மா, இட்ஸ் பேர்ன்ற்! ஃபுல்லாக் கரி!" என்று கத்தினாள் மகள் நிரூபா. வீடெல்லாம் புகை. கிடாரத்துக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டாள் பேர்ணடெற். "ஐயோ மாதாவே... என்ர பேர் போச்சு!"

அப்போதுதான் வாசலில் வான் வந்து நின்றது. ஆவி பறக்கும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சீமோன் படியிறங்கினார்.

"இதெல்லாம் ஆர் சொல்லி...?"

"உம்மட மச்சாள் சொல்லி. என்ர கடையில, என்ர அடுப்பில சமைச்சவ. நான் ஒண்டு கேக்கட்டே தங்கச்சி? அந்தப் பிள்ளை ஒன்றரை வருசமா என்ர கடைக்கு வெளியில ஒரு தேத்தண்ணிகூட விக்கேல்லை. பிறந்தநாளுக்கு ரோல்ஸ் சுடக் கேட்டவை, கோயில் விழாவுக்குக் கேட்டவை... எல்லாருக்கும் ஏலாது எண்டவ. உம்மட வீட்டிலதான் பயந்து பயந்து ஒளிச்சு நிண்டவ. நீர் பிடிக்கிற உந்தப் படம் ஒண்டு போதும், அவவைத் திருப்பி அனுப்பவும், மற்ற ரெண்டு சீவனையும் அங்கயே மறிக்கவும்!"

பேர்ணடெற்றின் கை மேசையிலிருந்த போனைத் தொட்டது. நெருப்பைத் தொட்டதுபோல விலகியது.

விருந்து முடிந்து, விட்பிச் சனம் கறியைப் புகழ்ந்த புகழ்ச்சியெல்லாம் ஊசியாகக் குத்த, அவள் நேரே கடையின் பின்கதவுக்கு வந்தாள். வேரோனிக்கா கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனடி நீ எனக்கு விளங்கப்படுத்தேல்லை...!"

"சொன்னனான் மச்சாள். நீங்கள் நொண்டிச் சாட்டு எண்டனீங்கள்."

பேர்ணடெற் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கையிலிருந்த தேய்க்கும் நாரைப் பறிக்கப் போனாள்.

"விடுங்கோ மச்சாள். இது என்ர வேலை. உங்களுக்கு இஞ்ச பேர்மிற் இல்லை."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் பேர்ணடெற்றிலிருந்து வந்தது. சோப்பு நுரையோடு அவளைக் கட்டிப்பிடித்துக் குலுங்கினாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளடி... உன்னை வெளியில போகச் சொன்ன வாய் அழுகிப்போகட்டும்! வீட்டை வா..."

வேரோனிக்கா கொஞ்ச நேரம் கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றாள். உடனே மன்னிக்க அவள் கடமைப்பட்டவள் அல்ல. பிறகுதான் ஈரக் கையை மச்சாளின் முதுகில் வைத்தாள். "வாறன். நீங்கள் உங்கட தம்பிக்குப் போன் எடுத்து, பிழை ஆரிலயெண்டு சொல்லுங்கோ. பிறகு வாறன்."

சொன்னாள் பேர்ணடெற். அங்கேயே நின்று, அழுதழுது சொன்னாள்.

அடுத்த வருடம் பி.ஆர் வந்தது. இனி அவள் எந்த அடுப்பிலும் சமைக்கலாம். விமான நிலையத்தில் நிலக்சி தாயைவிட்டு விலகவில்லை. மரியோ வேரோனிக்காவின் முகத்தை நேரே பார்க்கக் கூச்சப்பட்டுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றான்.

அவர்கள் வந்து இறங்கிய பிறகு வந்த சனிக்கிழமை பேஸ்மெண்டில் ஒரு புதுமை நடந்தது. கடையில் லீவு எடுத்த வேரோனிக்கா படியிறங்கி வந்து, ஏப்ரனைக் கட்டி, நீளக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"மச்சாள், இனிச் சனிக்கிழமையில உங்களுக்குச் சமைக்கிறன். ஆனா சும்மா இல்லை. பங்கு வேணும்."

"அரைவாசி!" என்றாள் பேர்ணடெற் மூக்கை உறிஞ்சியபடி.

பழக்கதோஷத்தில் போனைத் தூக்கியவள், திடுக்கிட்டுக் கீழே இறக்கினாள்.

வேரோனிக்கா விலகவில்லை. பின்னால் வந்த நிலக்சியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, ஏப்ரனைச் சரிசெய்து, கரண்டியை உயர்த்திப் பிடித்து, நேரே பார்த்தாள்.

"இப்ப எடுங்கோ."