கழுவக் கூடாத கம்பி

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். பல வருஷம் கழற்றாமல் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் தோல்வாரை மூக்கருகே கொண்டுபோனால் வருமே, அந்த வாடை. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் உப்பு, அடியில் மெல்லியதாக ஒரு இனிப்பு. அந்த இனிப்புதான் அவனுக்குக் குமட்டியது. பேஸ் கிட்டார் ஒரு வாரமாகப் பெட்டிக்குள்தான் கிடந்தது. யாரும் தொடவில்லை. ஆனாலும் அதன் நான்கு கம்பிகளும் ஈரமாக இருந்தன.

மழைக்காலம், காற்றிலேயே ஈரம் இருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சட்டை நுனியால் துடைத்தான். துணியில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. தூசியாக இருந்தால் தட்டினால் போய்விடும். இது விரலில் ஒட்டிக்கொண்டு களிம்பு போல இழுபட்டது.

கிட்டார் அவனுடையதல்ல. அவன் புதிதாகச் சேர்ந்த இசைக்குழுவில் அவனுக்கு முன்னால் வாசித்தவர் கொடுத்துவிட்டுப் போனது. மேடையில் ஆடாமல் அசையாமல் நிற்பார் என்பதால் அவரை எல்லோரும் தூண் என்றே கூப்பிட்டார்கள். ஒரு காலையில் காரில் வந்து இறங்கினார். டிரைவர்தான் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். தூண் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடியே நின்று, பெட்டியைக் காலால் மெதுவாக உள்ளே தள்ளினார். அவன் மனைவி காபி கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"கம்பிய மட்டும் மாத்திடாதீங்க" என்றார். படியிறங்கும்போது திரும்பி, "மாத்தினாலும் அவங்க விடமாட்டாங்க" என்றார். கார்க் கதவைத் திறக்கவும் டிரைவரைத்தான் கூப்பிட்டார்.

"என்ன மனுஷருங்க இவரு, கைய வெளியவே எடுக்கல" என்றாள் மனைவி. அன்று இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கம்பியை மாற்றாமலிருப்பது பேஸ் வாசிக்கிறவர்களிடம் புதிதில்லை. மற்ற கிட்டார்காரர்கள் மாதத்துக்கொரு தடவை புதுக் கம்பி போடுவார்கள். பேஸ்காரன் வருஷக்கணக்கில் போட மாட்டான். விரலின் வியர்வையும் எண்ணெயும் செத்த தோலும் கம்பிச் சுற்றின் இடுக்குகளில் ஏறி அடைத்துக்கொண்டால், கணீரென்ற ஒலி செத்துப்போய், நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கனமாக ஒரு ஒலி வரும். அழுக்குதான் நாதம். இதை வெட்கமில்லாமல் பெருமையாகவே சொல்லிக்கொள்கிற கூட்டம் அது. அவனும் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் அது அவனுடைய சொந்த அழுக்கு.

பகலில் அவன் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறவன். ஊரிலிருந்த மற்ற எல்லாக் குழுக்களிலும் முயன்று பார்த்தாயிற்று. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. மீதமிருந்தது இந்த ஒரு குழுதான். இதுவும் கைவிட்டால் மிச்சக் காலம் முழுக்கப் படுக்கையறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து சுவருக்கு வாசித்துக்காட்ட வேண்டியதுதான்.

ஒத்திகை டயர்க் கடையின் மாடியில் நடக்கும். கடை முதலாளிதான் டிரம்ஸ் வாசிப்பவர், குழுவின் தலைவர், எல்லோருக்கும் அண்ணன். பாடுகிறவள் ஒரு பல் டாக்டர். எதிரில் நிற்கிறவர்கள் வாயைத் திறந்தால் அவள் கண் தானாகப் பல்லுக்குப் போகும் என்று அண்ணன் கேலி செய்வார். ரப்பர் நெடியும் பழைய பஞ்சுமெத்தை நெடியும் கலந்த அந்த அறையில், முதல் நாள் அவன் இடதுகை விரல்களைத் தடித்த கம்பியில் வைத்து அழுத்தியபோது, எஃகுக் கம்பி இளகிக்கொடுத்தது. காது மடலை அழுத்தினால் இருக்குமே, அந்த மெத்து. அதே வெதுவெதுப்பு.

சீ என்று கையை எடுக்கப்போனான். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

முடிந்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குச்சிகளை மடியில் வைத்திருந்தார். "இதான். இதான்யா நம்ம குழு. தூண் போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

அவன் வாசிப்பைக் கேட்டு இப்படி யாரும் சொன்னதில்லை. தொண்டையில் நின்ற குமட்டலைச் சந்தோஷமாக விழுங்கினான்.

அன்றிலிருந்து நக இடுக்கில் கறுப்பு ஏறியது. பாத்திரம் துலக்கும் பொடி போட்டுத் தேய்த்தான், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தான், பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினான். கறுப்பு போனது, வாடை போகவில்லை. சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் சோற்று வாசனைக்கு முன்னால் அது வந்தது. ஸ்பூனுக்கு மாறினான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வாய்விட்டே சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க. தூங்கும்போது அந்தக் கைய என் மேல போடாதீங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. மாற்றக் கூடாது, சரி. கழுவக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே? புதுக் கம்பி வாங்கக் கையில் காசில்லாத காலத்தில் பேஸ்காரர்கள் பழையதையே கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து எடுப்பதுண்டு. மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான்கு கம்பிகளையும் கழற்றிச் சுருட்டி, கைக்குக் கிடைத்த பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினான்.

தண்ணீர் முதலில் வெளிறிய தேநீர் நிறமானது, பிறகு கலங்கியது, கம்பிச் சுருள்கள் கொதியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பாத்திரத்தின் அடியில் நகர்ந்தன, ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே வெயில் மங்கியது, சமையலறை முழுக்க எலும்பும் கொழுப்பும் நெடுநேரம் வேகிற சூப்பின் வாசனை எழுந்து பரவியது. நல்ல வாசனை. பசியைக் கிளப்புகிற வாசனை. தன் வாயில் எச்சில் ஊறுவதை அவன் கவனித்தான். அவசரமாக சிங்க்கில் துப்பினான்.

கொதி அடங்கியதும் மேலே ஏடு படிந்தது. பாலில் படிகிற மாதிரிதான், ஆனால் கனமாக. கரண்டியால் தூக்கினான். கிழியாமல் வந்தது. கரண்டியின் இரண்டு பக்கமும் துவண்டு தொங்கியது. ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே கோடுகள். நெருக்கமான, வளைந்த கோடுகள். நடுவில் சுழி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சுழி. விரல்ரேகைகள்.

கரண்டியோடு சேர்த்து சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்தான். ஏடு போய் ஓட்டையின் மேல் மூடியாக உட்கார்ந்துகொண்டது. அடியிலிருந்து காற்று வர, மெல்ல உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது. கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினான். பாத்திரத்தைக் கை வலிக்கத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் காலை மனைவி கொடுத்த காபியில் பாதியைக் குடித்திருப்பான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்குப் பால்ல என்னங்க ஆடை இவ்ளோ தடிப்பா படியுது?"

குளியலறைக்கு ஓடினான். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அப்புறமும் நாக்கில் ஏதோ வழுக்கிக்கொண்டே இருந்தது.

கம்பிகள் மட்டும் பளபளவென்று மின்னின. அன்று மாலை ஒத்திகையில் அவன் முதல் சுரத்தை மீட்டியதுமே டிரம்ஸ் நின்றது. ஸ்பூனால் தட்டைத் தட்டின மாதிரி ஒரு சத்தம் அறையில் அலைந்துவிட்டு ஓய்ந்தது.

"கழுவினியா?" என்றார் அண்ணன்.

"ரொம்ப அழுக்கா இருந்துச்சுண்ணே. அதான் கொஞ்சம்..."

"தூணும் ஒரு தடவை கழுவினான்."

"அப்புறம்?"

"அப்புறம் வாசிச்சான். கழுவினத மறுபடி குடுத்தான்." அண்ணன் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினார். "வெள்ளிக்கிழமை ஹோட்டல் திறப்பு விழா. அதுக்குள்ள பழைய சத்தம் வந்தா நீ வாசி. வரலைன்னா என் மச்சான் இருக்கான். தப்பா எடுத்துக்காத தம்பி."

வாசித்தான். தினமும் டைல்ஸ் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து வாசித்தான். முதலில் விரல்களில் வியர்வை வழிந்தது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் உலர்ந்துபோயின, கம்பிகள் நனைந்திருந்தன. துடைத்துவிட்டு மறுபடி வாசித்தான். மறுபடி அதே. பல வருஷமாகக் காய்ப்புக் காய்த்துக் கடினமாகியிருந்த விரல் நுனிகள் ஒவ்வொரு நாளும் மெலிந்து, மழுங்கி, தீக்காயம் ஆறின இடம் போல இளஞ்சிவப்பாயின. வலியே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

சத்தம் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதையும் அவன் காது கேட்டது. நிறுத்தத் தோன்றாததற்கு அதுதான் காரணம் என்று அவனுக்கே தெரியும்.

கடையில் வருகைப் பதிவு எந்திரத்தில் விரலை வைத்தான். சிவப்பு விளக்கு. மீண்டும் முயலவும். அடுத்த விரல். சிவப்பு. மேனேஜர் எந்திரத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, "எந்திரம் மக்கர் பண்ணுது" என்று தன் விரலை வைத்தார். பச்சை விளக்கு. அன்று போனும் அவன் விரலுக்குத் திறக்கவில்லை. எண்களைத் தட்டித் திறந்தான்.

வியாழக்கிழமை ஒத்திகையில் பல் டாக்டர் அவன் கையைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள். "நெறைய பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு ரேகை தேய்ஞ்சு போகும், பாத்திருக்கேன். இது அப்படி இல்லைங்க." சட்டென்று கையை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டாள். "யாரோ மேலாக்க உரிச்சு எடுத்த மாதிரி இருக்கு. நாளைக்கு வாசிக்காதீங்க. ஒரு ஸ்கின் டாக்டர பாருங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரம்ஸின் தோலை விரலால் தட்டி இறுக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள்தானே டாக்டர்" என்றான் அவன்.

வெள்ளி மாலை. புது பெயின்ட் நெடி. புதுத் தரைவிரிப்பு. மேஜை மேஜையாக ஜனங்கள். அவன் மேடையின் பின்வரிசையில் நின்றான். முதல் சுரம் இறங்கியது. கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் அதிர்ந்தது. முன்மேஜையில் ஒரு பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அதே சத்தம். அதைவிடக் கனம்.

விரலுக்கடியில் கம்பி வெதுவெதுத்தது. மெத்தென்று இருந்தது. எங்கே விரல் முடிகிறது, எங்கே கம்பி தொடங்குகிறது என்று தெரியவில்லை. கையை எடுக்கும்போதெல்லாம் சின்னதாக ஒரு ஒட்டல். ஈரமான உதடுகள் பிரிகிற சத்தம். அவனுக்கு மட்டும் கேட்டது. வாந்தி மேலே வந்தது. விழுங்கினான். வாசித்தான். கைதட்டல். மறுபடி வாசித்தான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அண்ணன் வியர்வையோடு வந்து கட்டிக்கொண்டார். "இனிமே நீதான்டா. எப்பவும் நீதான்." அவன் கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு அருவருப்பாகவும் இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஒரு நீளமான தாழ்வாரம். கிட்டாரைப் பெட்டியில் கிடத்தினான். வழக்கம்போல, வயர்களைச் சுருட்டும்வரை கையிலிருக்க வேண்டாமென்று போனைக் கம்பிகளின் மேலேயே வைத்தான். முகம் கீழாக.

டிக்.

பூட்டுத் திறக்கும் சத்தம்.

போனை எடுத்தான். திறந்திருந்தது. கண்ணாடியின் அடியில் ஈரமாக ஒரு தடம். சுழித்த கோடுகள். பூட்டினான். தன் கட்டைவிரலை வைத்தான். மீண்டும் முயலவும். இன்னொரு விரல். மீண்டும் முயலவும். தடித்த கம்பியின் மேல் மெதுவாகக் கொண்டுபோய் வைத்தான்.

டிக்.

தாழ்வாரக் கதவை யாரோ திறந்தார்கள். ஏசிக் காற்று சில்லென்று தரையோடு வந்தது. பெட்டிக்குள் ஏதோ மாறியது. குனிந்து பார்த்தான். தடித்த கம்பியின் மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. பிறகு அடுத்த கம்பி. அதற்கடுத்தது. ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லிய ஒரு மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

அண்ணன் தோளில் துண்டோடு பின்னால் வந்து நின்றார். அவரும் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மூடிடு தம்பி" என்றார். "குளிருது பாரு, பாவம்."

அவன் கையை நீட்டினான். நீட்டிய விரல்களைப் பார்த்தான். வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல். இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். காலால் மூடியைத் தள்ளினான். அது சாயச் சாய, இருட்டுப் படப் பட, கம்பிகளின் மேல் அந்தச் சிலிர்ப்பு மெதுவாக அடங்கிப் படிந்தது.