வலப்பக்கப் பெட்டி

2004 ஒக்டோபர். ஆயுத பூசைக்கு மறுநாள், காலை 8.10.

பதுளை ஆவணக் காப்பகத்தில் மதுசூதனன் கணினியைத் திறந்தார். தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் பழைய பதிவுத் தாள்களைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். நாலாயிரம் படங்கள். ஒன்றுகூட இல்லை!

வெளி வாங்கில் உட்கார்ந்து நமுனுகுலத் தோட்டத்துக் கருப்பம்மா காத்திருந்தாள். அவள் குடியிருந்த லயம் எரிந்தபோது அவள் பதிவுத் தாள் சாம்பலாகிவிட்டது. பத்தரைக்கு மாவட்டச் செயலகமான கச்சேரியில் குடியுரிமை விசாரணை. அவளுக்கு மிச்சம் அந்தத் தாளின் படம் ஒன்றுதான்.

மதுசூதனன் கணினிப் பொறுப்பாளர். பிழை பிடிப்பதில் சூரர். அடுத்தவர் பிழை என்றால் இன்னும் சூரர். கண்ணாடிக் கதவுக்குள் இரண்டு சேமிப்புப் பெட்டிகள். இடப்பக்கம் படங்கள் இருந்த பழையது. வலப்பக்கம் போன வாரம் வந்த வெறும் பெட்டி. பூட்டு உடையவில்லை. சாவி காவலாளி அழகையாவிடம்.

8.25.

"நேற்று உள்ள ஆர் போனது?"

"பூசைக்கு நாந்தாங்க சார். ரெண்டு பெட்டியோட முன்மூடியையும் கழட்டித் தொடச்சு, சந்தனம் வச்சு மாட்டினேன். நாலு மணிக்குப் பூட்டிட்டேங்க."

"அதுக்குப் பிறகு?"

"சத்தியமா யாரும் போகல. பொலிஸ்ல சொல்லிராதீங்க சார், புள்ளகுட்டிக்காரன்."

கணினிப் பதிவின்படி படங்கள் அழிந்த நேரம் நேற்று மாலை 4.40. பூட்டிய அறைக்குள் பேயா புகுந்தது? பேயில்லை, ஏஜென்ட். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் குடியிருக்கும் சின்ன நிரல் அது. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து காமிலா இடும் கட்டளையை ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்து முடிக்கும்.

8.40. தொலைபேசி.

"காமிலா, எங்கட படங்களை அழிச்சது நீங்களோ?"

"புதுப் பெட்டியைத்தான், பாவிக்க முன்ன அழிச்சுச் சுத்தம் செஞ்சேன். இங்க எனக்குத் தெரியிறது நம்பர் மட்டும்தான். புதுசுல ஒட்டியிருக்கிற நம்பரைக் கேட்டேன். பன்னிரண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னார்தான். நேற்று நாலரைக்கு, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, வலப்பக்கப் பெட்டியைப் பார்த்து வாசித்தார். இப்போதும் அதன் மூடியில், சந்தனப் பொட்டுக்குக் கீழே, பன்னிரண்டு என்றே இருந்தது. உள்ளே போய்ப் பின்பக்கம் குனிந்தார். பெட்டியின் உடம்பில் பொறித்த எண் நாற்பத்தேழு. பன்னிரண்டு பழைய பெட்டியின் எண்.

"அழகையா! மூடியை மாத்தி மாட்டிட்டீங்கள்!"

"எது எதோடதுன்னு கேட்டேனே சார். கடலைய மென்னுக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம, 'எல்லாம் ஒண்டுதான், கெதியா மாட்டுங்கோ'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

ஐயோ! சொன்னது நினைவுக்கு வந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

"திரும்ப எடுக்க ஏலுமோ, காமிலா?"

"வழியே இல்ல. மேல புதுசா எழுதியாச்சு. உங்ககிட்ட பிரதி இருக்கும்தானே?"

"அந்தப் புதுப் பெட்டியில இண்டைக்குத்தான் எடுக்க இருந்தம்."

9.05. படங்களைக் கள்ளன் கொண்டுபோய்விட்டான் என்றே நினைத்திருந்த கருப்பம்மா, அவர் வெளியே வந்ததும் எழுந்தாள்.

"கள்ளன் ஆப்பிட்டானா சார்?"

"ஓம் அம்மா. நான்தான்."

அது அவளுக்கு விளங்கவில்லை. ஆள் அகப்பட்டுவிட்டான் என்பது மட்டும் விளங்கியது, முகம் மலர்ந்தது.

"அப்ப எங்க தாளக் குடுத்துருங்க சார். கச்சேரிக்கு நேரமாச்சு."

மழையில் நனையாமல் கொண்டுபோக மடித்து வைத்திருந்த பொலித்தீன் பையை விரித்து, அவர் முன் நீட்டினாள்.