மெருகேறிய தணிகாசலம்

புதுச்செங்குன்றத்தில் யாராவது இறந்துபோனால், பதினாறாம் நாள் குடும்பத்தார் அவரைத் தேய்க்கப் போகவேண்டும். செவ்வாயில் குடியேறிய தமிழர்களுக்கு அது காரியம் செய்வது போலத்தான்.

பிறந்ததும் காதுக்குள் பொருத்தப்படும் செவிச்சில்லு, தொலைபேசியாக இருப்பதோடு, ஒருவர் ஆயுள் முழுவதும் பேசியதையும் சேமித்து வைக்கும். இறந்தபின் அந்தப் பேச்சையும் அதன் குணத்தையும் ஒரு பச்சை ஜேட் கல்லில் அடுக்கடுக்காகப் படியவைப்பார்கள். சூடு பட்டால் கல் பேசும். கேட்டதற்குப் பதிலும் சொல்லும். ஆனால் வீட்டு மாடத்தில் கையளவுக் கல்லுக்குத்தான் அனுமதி. மீதியைப் பட்டறையில் தேய்த்துக் கழித்துவிடவேண்டும். நிறையப் பேசியவருக்குக் கல் பெரிதாக இருக்கும்.

சுகிர்தாவின் கணவர் தணிகாசலம் ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்திருந்தார்.

"ஜேட் உளிக்கு மசியாது. சக்கரத்தில் வைரப்பொடி போட்டு, தண்ணீர் விட்டு, பொறுமையாகத் தேய்க்கவேண்டும்" என்றது பயிற்றுநர் இயந்திரம். துக்க வீட்டாரிடம் எல்லோரும் பேசுகிற அந்தத் தணிந்த குரலை அதற்கும் பழக்கியிருந்தார்கள். "தண்ணீர் நின்றால் கல் சூடாகும். அவருக்குக் கோபம் வரும்."

"தண்ணி விட்டாலும் அவருக்குக் கோபம் வரும்" என்றாள் சுகிர்தா.

கல்லைச் சக்கரத்தில் வைத்ததுமே தணிகாசலம் ஆரம்பித்தார்.

"சுகி, சாய்ச்சுப் பிடி. இப்படிப் பிடிச்சா ஒரு பக்கமாத் தேயும்."

"இதுக்கு முன்னாடி எத்தனை பேரத் தேச்சிருக்கீங்க?"

"எதையும் சொன்னாக் கேக்காதே. தண்ணியக் கொறை. யாரு வீட்டுத் தண்ணி அது?"

எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவரை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். ஆனால் தேய்த்தது திரும்ப ஒட்டாது. பக்கத்துச் சக்கரத்தில் தன் தகப்பனாரைத் தேய்த்துக்கொண்டிருந்த வேதமுத்து தைரியம் சொன்னார்.

"மேலாப்புல இருக்கதெல்லாம் வெறும் ஏச்சும் பேச்சும்தாம்மா. தயங்காமத் தேய்ங்க. எங்கய்யாவப் பாருங்க, பத்து நாள்ல எப்படி ஆயிட்டாரு!"

அவர் கல்லை உள்ளங்கையில் வைத்தார். "நல்லது தம்பி. சாப்பிட்டியா?" என்றது கல்.

வேதமுத்துவுக்குக் கண் கலங்கியது. "உசிரோட இருந்தப்ப ஒரு நாளு என்னத் தம்பின்னு கூப்பிட்டதில்ல."

"பின்ன எப்படிக் கூப்பிடுவாரு?"

"ஏலே எருமைன்னுதான்."

சுகிர்தா முதலில் அவருடைய அரசியலைத் தேய்த்தாள். பிறகு அவள் அண்ணன் குடும்பத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள் போயின. காபிச் சூட்டைப் பற்றி மட்டும் நாலு விரல் ஆழத்துக்கு இருந்தது. அதற்கே ஒரு வாரம் ஆயிற்று. பச்சைச் சேறு தட்டில் வழிந்துகொண்டே இருந்தது.

"சுகி, போதும். ரொம்ப ஒட்டத் தேய்க்கிற" என்றார் தணிகாசலம்.

அவர் எதற்குத்தான் போதும் என்று சொல்லவில்லை? அவள் இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். சக்கரத்தை நிறுத்தியபோது கையில் வழவழப்பான ஒரு பச்சை மாங்காய் இருந்தது. மாங்காய்தான் எளிது என்பதால் பட்டறையில் எல்லோரும் அதையே செய்திருந்தார்கள்.

"என்னங்க, நல்லா வந்திருக்கா?"

"நல்லது. நீ செஞ்சா சரிதான்" என்றது கல்.

அவள் தட்டில் வழிந்திருந்த சேற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி நாள் எல்லாக் கற்களையும் ஒரே பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றினார்கள். ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் கரைந்துபோயின. "கவலை வேண்டாம், கையில் எடுத்துக் கூப்பிட்டுப் பாருங்கள்" என்றது இயந்திரம். கூப்பிட்டார்கள். எல்லாக் கற்களும் ஒரே கனிவோடு, நல்லது, சாப்பிட்டாயா என்றன. கரகரப்பெல்லாம் தேய்ந்துபோன குரலில் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். சுகிர்தாவுக்குக் கிடைத்த கல் யாருடையதோ, மாடத்து விளக்கின் சூட்டில் உட்கார்ந்து அவள் செய்ததையெல்லாம் சரி என்றது. குழம்பில் உப்பு மறந்த அன்றும் பிரமாதம் என்றது. அவள் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

சேற்றை மறுபடி கல்லாக்க முடியுமா என்று கேட்கப் பட்டறைக்குப் போனாள்.

"சேறு இல்லையே. இங்கே எதையும் வீணாக்குவதில்லை. சிமெண்டில் கலந்து கிழக்கு நடைவழிச் சுவருக்குப் பூசிவிட்டோம்" என்றது இயந்திரம்.

நடைவழி முனையிலேயே இரைச்சல் கேட்டது. சுவருக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடின. அந்தச் சூட்டில் பூச்சு முழுவதும் திட்டிக்கொண்டிருந்தது. சுவர் நெடுக ஜனங்கள் காதை வைத்து, அவரவர் ஆளைத் தேடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். வேதமுத்து முகமெல்லாம் சிமெண்டுத் தூளுடன் ஒரு மூலையில் நின்று, "இன்னொருக்கச் சொல்லுங்கய்யா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சுகிர்தா குனிந்தும் எக்கியும் தேடினாள். அவசர வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், அந்தக் குரல் கேட்டது.

"பூச்சா இது? மட்டமே பாக்கல. எவன் பூசினான்?"

"நீங்க வந்து பூசியிருக்கறதுதானே!" என்றாள். சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழுதா ஆச்சா? நிக்கிறியே, நேரா நில்லு. அப்புறம் முதுகு வலிக்குதும்ப."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள். சுவர் அடுத்ததாக அவள் செருப்பைப் பற்றி ஆரம்பித்தது. அப்போது செவிச்சில்லில் மகள் தமயந்தி அழைத்தாள்.

"அம்மா, எங்க இருக்க? மாத்திரை போட்டியா? ஈரத்துல எங்கயும் நிக்காதே, சளி பிடிக்கும். எதையும் சொன்னாக் கேக்காதே..."

"சும்மா தொணதொணக்காதேடி, வேலையா இருக்கேன்" என்று சில்லை அணைத்துவிட்டு, சுகிர்தா சுவரில் காதை நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டாள்.