நான்காம் நாள் குமிழி

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிளமெண்டி அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசைமேல் இருந்த கண்ணாடி போன்ற பிசின் பாளத்தில் ஒரு குமிழி கூடியிருந்தது. காலையில் பார்த்தபோது மூன்று. இப்போது நான்கு. அச்சில் பிசினை ஊற்றி நான்கு நாளாகிவிட்டது, நகம்கூடப் பதியாத அளவுக்கு இறுகிவிட்டது. இறுகிய பிசினுக்குள் புதுக் குமிழி எப்படி வரும்?

எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காவிட்டால் தங்கராஜுவுக்குச் சோறு இறங்காது. முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மனிதர். எலும்பில் பொடிப்பொடியாய்த் துளை இருக்கும், அதில் தங்கிய காற்றுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எலும்பு அவர் மனைவி லீலாவுடையது. நுரையீரல் கெட்டு, கடைசி மாதம் முழுக்க மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவள். ஜன்னலைச் சாத்தினாலே பதறுவாள். "என்னை எதுக்குள்ளயும் மூடி வைக்காதீங்க. எல்லாத்தையும் கடல்ல விட்டுருங்க," என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அவரும் தலையாட்டினார். ஆனால் மண்டாய் தகனச்சாலையில் எலும்பு பொறுக்கும்போது, விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு அவருடைய சட்டைப்பைக்குள் போய்விட்டது. மிச்சம்தான் கடலுக்குப் போனது. வெறும் வீட்டில் தனியாக இருக்க அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்தத் துண்டைப் பதித்து வைக்கப் பிசின் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ரிஸ்வான் பொறுமையாகத்தான் சொன்னார்.

"பாலியெஸ்டர் வேணாம் அங்கிள். மலிவுதான், ஆனா இவ்ளோ பெரிய பிளாக்ல சூடேறி விரிசல் விட்டுரும். வாடையும் தாங்காது லா. அக்ரிலிக் வீட்ல ஊத்துற சமாச்சாரமே இல்ல. இந்த எபாக்ஸி எடுத்துக்குங்க. மெதுவாதான் இறுகும், மூணு நாள் ஆகும். இறுகிட்டா சுத்தியலால அடிச்சாலும் உடையாது."

"அதான் வேணும்," என்றார் தங்கராஜு.

உட்லண்ட்ஸிலிருந்து மகள் வர்ஷா போன் செய்தாள்.

"சாப்ட்டீங்களாப்பா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "அங்க என்ன சத்தம்? அம்மாவோட ஆக்சிஜன் மெஷின் இன்னுமா ஓடுது?"

"அதைத் திருப்பிக் கொடுத்தாச்சேம்மா."

"இல்லப்பா. மூச்சு இழுக்கிற மாதிரி கேக்குது."

போனை வைத்தார். எம்ஆர்டி ரயில் போன இரைச்சல் தேய்ந்து, மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் ஓசையும் அடங்கி, மின்விசிறியை அவரே நிறுத்திய பிறகும் அந்த இழுப்பு நிற்கவில்லை. லீலாவின் நெஞ்சில் தேய்த்துவிடும் கோடாலித் தைலத்தின் வாடையோடு, சளி அடைத்த தொண்டையிலிருந்து வருவதுபோல விட்டு விட்டு வந்தது. பாளத்துக்குள் இப்போது ஏழு குமிழிகள். எலும்பிலிருந்து மேலே ஒரே வரிசை. நகர்ந்துகொண்டிருந்தன.

அதற்கு அவரிடம் காரணம் இல்லை.

பாளத்தின் மேல்முகத்தில் ஒரு மூட்டம் படிந்திருந்தது. துணியால் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். மூட்டம் உள்ளே இருந்தது.

அவருக்கு அழுகை வந்தது. "தப்பு பண்ணிட்டேன் லீலா. மன்னிச்சிரும்மா. இரு, வெளிய எடுத்துடறேன்."

சுத்தியலை எடுத்தார். ஓங்கி அடித்தார். கீறல் இல்லை. இரண்டாவது அடி. மணிக்கட்டு விண்ணென்றது. மூன்றாவது. நான்காவது. ரிஸ்வான் பொய் சொல்லவில்லை.

மூட்டம் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. இன்னும் வேகமாக. அவளுடைய கடைசி வாரத்து மூச்சு போலவே.

கை ஓய்ந்தது. சுத்தியல் தரையில் விழுந்தது.

அடிக்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தங்கராஜு குனிந்து பார்த்தார். மூட்டத்தின் நடுவே ஐந்து விரல் நுனிகள், உள்ளேயிருந்து அழுந்தி, வெளுத்துக் கிடந்தன.